இருபத்தெட்டு கேள்வியும் ஒரு பிரட் பாக்கெட்டும்

போன வாரம் எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. பாம்பன்ல பரீதா அக்கா வீட்டுக்குப் போயி இருபத்தெட்டு கேள்வி கேட்டு, டிக் அடிச்சிட்டு வரணும். அம்புட்டுதான்.

அக்காவுக்கு சீலியாக். கோதுமை, மைதா, பார்லி எதுவும் குடலுக்கு ஆகாது. ஆயுசுக்கும் ஒரு துணுக்குகூட தொடக்கூடாது. இந்த வியாதியோட அன்றாடப் பொழப்பு எப்படி ஓடுதுன்னு அளக்க எங்க டாக்டரம்மா ஒரு கேள்வித்தாள் தயார் பண்றாங்க. அதைத் தமிழ்ல எழுதினது நான். நம்ம ஆளுகளுக்குப் புரியுதான்னு சோதிக்கிற வேலையும் எனக்குத்தான். அதனால ஜில்லாவுலயே இந்த வியாதியக் கரைச்சுக் குடிச்சவன் நான்தான்னு ஒரு நெனப்பு வேற.

பாம்பன்ல பஸ்ஸ விட்டு இறங்கவும் எங்கம்மா வளத்த வளப்பு வேலையக் காட்டிருச்சு. முடியாதவங்க வீட்டுக்குக் கைய வீசிக்கிட்டா போறது?

கடைக்காரர்கிட்ட, உடம்புக்கு முடியாதவங்களப் பாக்கப் போறேன்னு சொன்னேன். மனுசன் வேற எதுவும் கேக்கல. ஒரு பிரட் பாக்கெட், பால்ல கலக்குற மால்ட் பவுடர் பாட்டில் ஒன்னு. ஊரே அதத்தான வாங்கும்! வாங்கி ஒரு மஞ்சப்பையில போட்டேன். கேள்வித்தாள் இன்னொரு மஞ்சப்பையில இருந்துச்சு.

அக்கா பையப் பிரிச்சாங்க. பாட்டிலப் பாத்தாங்க. என்னையப் பாத்தாங்க. நேராப் போயி அலமாரியத் திறந்தாங்க. உள்ள வரிசையா மால்ட் பாட்டில்!

"பாக்க வாரவுக எல்லாரும் இதத்தான் தம்பி கொண்டாராக. ஆனா டாக்டரம்மா ஆளே கொண்டாந்தது இதான் மொத தடவ."

பிரட்டு மைதா. மால்ட்டு பார்லி. தவிர்க்க வேண்டியவைன்னு கேள்வித்தாளோட மொதப் பக்கத்துலயே ரெண்டையும் போட்டவன் நான். அதுவும் கொட்டை எழுத்துல! மானம் போச்சு.

சரி, வந்த வேலையப் பாப்போம்னு பேனாவ எடுத்தேன். வீட்டுக்கு வந்தவன வெறும் வயித்தோட அனுப்ப அக்காவுக்கு மனசு வரல. ஒரு டம்ளர் டீயும், நான் கொண்டுபோன பிரட்டுல நாலு துண்டும் என் முன்னாடி வந்துச்சு. கொண்டாந்த ஆளே தின்னு தீர்க்கணும்னு உத்தரவு. மிச்ச பிரட்டும் பாட்டிலும் திரும்ப அதே மஞ்சப்பைக்குள்ள போயிருச்சு.

ஒரு துண்ட டீல முக்கி வாயில வச்சிக்கிட்டே அஞ்சாவது கேள்விய வாசிச்சேன். 'பிறர் உங்கள் முன் கோதுமை உணவை உண்ணும்போது எந்த அளவு வருந்துகிறீர்கள்?'

அக்கா சிரிச்ச சிரிப்புல எனக்குப் பொரை ஏறிருச்சு.

ஆனா பதினாலாவது கேள்விக்கு அவங்க சிரிக்கல. 'விசேஷங்களுக்குச் செல்வதைத் தவிர்க்கிறீர்களா?'

வர்ற வெள்ளிக்கிழமை அவங்க தங்கச்சி மகளுக்கு நிக்காஹ். தூக்கி வளத்த புள்ளை. போகலன்னு முடிவு பண்ணிட்டாங்களாம்.

"பசி பிரச்சினை இல்ல தம்பி. 'ஒரு வாய் தின்னா செத்தா போயிருவே'ன்னு ஆளாளுக்குக் கேப்பாக. தின்னா மூணு நாளு படுக்கை. திங்காட்டி, கல்யாண வீட்டுச் சோத்த வேணாம்னுட்டாளேன்னு பேச்சு."

இதுக்கு எந்தக் கட்டத்துல டிக் அடிக்க? அவங்க சொன்னத அப்படியே ஓரத்துல எழுதிட்டு, மிச்சத்தையும் முடிச்சுட்டு, மஞ்சப்பையத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிட்டேன்.

ராமநாதபுரத்துல ஆஸ்பத்திரிக்குத் திரும்புனதும் டாக்டரம்மா, கேள்வித்தாள் எங்கன்னு கேட்டாங்க. பெருமையா பையக் கவுத்தேன். மேசையில பிரட்டும் மால்ட் பாட்டிலும் விழுந்துச்சு.

நடந்ததச் சொன்னேன். அந்தம்மா தலையில அடிச்சிக்கிட்டு, சிரிச்சும் முடிச்சுட்டு, இருபத்தொன்பதாவது கேள்விய எழுதச் சொன்னாங்க: 'உங்களைப் பார்க்க வருபவர்கள் பிரட் வாங்கி வருகிறார்களா?'

அக்காவுக்குப் போன் போட்டு, பைய மாத்தி எடுத்துட்டேன், நாளைக்கு வாரேன்னு சொன்னேன்.

"மெதுவா வாங்க தம்பி. தங்கச்சி பத்திரிக்கை குடுக்க வந்தவ அந்தத் தாளப் பூராம் வாசிச்சிட்டா. ஓரத்துல நீங்க எழுதுனதப் பாத்து ஒரே அழுகை. எனக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி வச்சு மொத ஆளா ஆக்கித் தாராளாம். யாராச்சும் 'ஒரு வாய்'னு வந்தா அவ பாத்துக்கிருவாளாம். நான் போறேன் தம்பி."

ரொம்பச் சந்தோஷம்க்கான்னேன்.

"நீங்களும் வெள்ளிக்கிழமை கண்டிப்பா வரணும். ஆனா ஒன்னு."

"சொல்லுங்கக்கா."

"கைய வீசிக்கிட்டு வாங்க."