மண்ணைப் பார்த்தே மேட்ச் சொல்பவர்கள்

கிரிக்கெட் ஆடுபவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கிரிக்கெட் பார்ப்பவர்களையும் பார்த்திருப்பீர்கள். பார்க்காமலே பேசுபவர்கள் உங்கள் தெருவிலேயே நாலு பேர் இருப்பார்கள். இந்த மூன்றிலும் சேராத இன்னொரு பிறவி உண்டு. மைதான நிபுணர் என்று பெயர். இவருக்கு ஆட்டக்காரர் முக்கியமில்லை, ஆட்டமும் அவ்வளவாக முக்கியமில்லை. மண் முக்கியம்.

நாட்டின் எந்த மூலையில் எந்த மைதானம் இருக்கிறது, அதன் ஆடுகளத்துக்கு எந்த ஆற்றங்கரையிலிருந்து களிமண் வந்தது, புல்லை எத்தனை விரற்கடை விட்டு வெட்டுவார்கள், காற்று எந்த வாசல் வழியாக நுழைந்து எந்த வாசல் வழியாக வெளியேறும், சாயங்காலம் பனி எப்போது இறங்கும், எந்தப் பக்கத்து எல்லைக்கோடு கொஞ்சம் கிட்டே இருக்கிறது, மழை பெய்தால் தண்ணீர் எந்த மூலையில் போய்த் தேங்கும், இத்தனையும் இவருக்கு நுனிநாக்கில் இருக்கும். இவர் எந்த மைதானத்துக்காவது போயிருக்கிறாரா? அதை மட்டும் கேட்கக் கூடாது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பாவம், அவளாவது ஆடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். நம்முடைய நிபுணர் ஆடுவதே இல்லை. ஊரார் ஆடிய ஆட்டத்துக்கெல்லாம் கூடம் எந்தப் பக்கம் கோணல் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பவர் அவர்.

தொலைக்காட்சியில் மேட்ச் என்றால் உலகமே டாஸுக்குப் பிறகுதான் வந்து உட்காரும். நிபுணர் அதற்கு முன்னாலேயே வந்துவிடுவார். யாரோ ஒருவர் ஆடுகளத்தில் குனிந்து சாவியால் மண்ணைக் குத்திக் காட்டுகிறாரே, அந்தக் கட்டம்தான் இவருக்கு முழு மேட்ச். அது முடிந்ததும் பெருமூச்சு விட்டு, "அவ்ளோதான், மேட்ச் முடிஞ்சுது" என்பார். ஒரு பந்து போட்டிருக்க மாட்டார்கள்.

"இது இருநூறு தாண்டாத பிட்ச்" என்பார். முன்னூறு அடிப்பார்கள். அசைவாரா? "ராத்திரியோட ராத்திரியா ரோலர் போட்டுட்டாங்க" என்பார். "மூணாவது நாள் பந்து பம்பரமா சுத்தும்" என்பார். ஒரு பந்துகூடத் திரும்பாது. "வெயில் போதல" என்பார். ஜோசியருக்காவது சில சமயம் பலன் தப்பும். மைதான நிபுணருக்கு எப்போதும் மண்தான் தப்பும்.

இந்த வகையை ஆராய நான் வெளியே எங்கும் அலையவில்லை. என் உடன்பிறந்த தம்பியே நல்ல மாதிரி.

தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை, மோட்டாருக்குக் காயில் கட்டுவதில் அவனை அடிக்க ஆள் கிடையாது. அவன் கை பட்டுப் போன மோட்டார் இன்னொரு தரம் பட்டறைப் படி ஏறியதில்லை. செம்புக் கம்பியை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அவன் சுற்றுகிற அழகைப் பார்த்தால், தலைவாரிப் பின்னல் போடுகிறவர்கள் வெட்கப்பட வேண்டும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு இந்த ஒரு கோளாறு.

யார் எந்த ஊர் பெயரைச் சொன்னாலும் அவனுக்கு அது ஊர் இல்லை, மைதானம். பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள், தன் மகளுக்கு வேலை மாற்றல் வந்திருக்கிறது, தெரியாத ஊர், தனியாகப் போகிறாள் என்று கண்கலங்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். தம்பி ஆறுதலாக அவர் தோளில் கை வைத்தான். "கவலைப்படாதீங்கண்ணே. அருமையான ஊரு. முதல் ஒரு மணி நேரம் மட்டும் பாத்து ஆடணும், அப்புறம் பேட்டிங்குக்கு அவ்ளோ நல்லாருக்கும்." அவர் அழுகையை நிறுத்திவிட்டார். இன்றுவரை எங்களிடம் வேறொன்றும் சொல்லுவதில்லை.

வீட்டிலும் இதே கதைதான். அவன் மனைவி மொட்டைமாடியைக் கழுவிவிட்டால், இவன் போய்க் குனிந்து கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பான். "ஈரம் இருக்கு. ஆரம்பத்துல கொஞ்சம் ஸ்விங் ஆகும்." ஒருநாள் அந்த ஈரத்தில் அவள் வழுக்கி விழுந்தாள். "பாத்தியா, நான் சொன்னேன்ல?" என்றான்.

"சொன்னதுக்குப் பதிலா ஒரு சாக்கை எடுத்துப் போட்டிருக்கலாம்ல?" என்றாள் அவள் தரையில் உட்கார்ந்தபடியே. "ஸ்விங் ஆனது என் இடுப்புங்க."

இப்படிப் பேச்சோடு போயிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. விதி, முதலாளி உருவத்தில் வந்தது.

பட்டறையில் பழைய மேஸ்திரி வேலையை விட்டுவிட்டு மகனோடு போய்விட்டார். அந்த நாற்காலிக்கு இரண்டு பேர். ஒன்று என் தம்பி. இன்னொன்று லேத்துக்காரர், இரும்பைக் கடைவதுபோலவே ஆளையும் கடைந்து பேசுகிறவர். முதலாளி ஆறடி உயரம், வழுவழுவென்ற தலை, திடீர் திடீரென்று யோசனை உதிக்கும் மனிதர். அந்த வருஷம் பட்டறை ஆட்களையும் குடும்பங்களையும் பெரிய மைதானத்தில் ஒரு பகலிரவு மேட்சுக்கு அழைத்துப் போவது என்று முடிவு செய்தார். தம்பியைக் கூப்பிட்டார்.

"உனக்குத்தான் எல்லா கிரவுண்டும் தெரியும்ங்கிறியே. டிக்கெட் நீயே எடு. எங்க உட்காந்தா நல்லாருக்கும்னு பாத்து எடு. அத்தனை பேரைக் கூட்டிட்டுப் போய் ஒழுங்கா உட்கார வெக்கத் தெரிஞ்சவன், பட்டறையையும் நடத்துவான். என்ன சொல்றது புரியுதா?"

புரியாமல் என்ன? அன்றைக்கு வீட்டுக்கு வந்தவன் நேராக நாற்காலியில் உட்காரவில்லை. மேஸ்திரி மாதிரி உட்கார்ந்தான்.

டிக்கெட் கொடுக்குமிடத்தில் நடந்ததை அவனே வந்து பெருமையாகச் சொன்னான். பந்து போடுபவருக்கு நேர் பின்னால், எவ்வளவு கீழே முடியுமோ அவ்வளவு கீழே இடம் வேண்டும் என்று கேட்டானாம்.

"அங்க வேணாம் சார்" என்றாராம் டிக்கெட்காரர். "திரை மறைக்கும்."

"நீங்க டிவியில மேட்ச் பாப்பீங்களா?"

"பாப்பேன்."

"டிவியில எங்கருந்து காட்டுறாங்க?"

"பந்து போடுறவருக்குப் பின்னாடிருந்து."

"என்னிக்காவது திரை மறைச்சுதா?"

டிக்கெட்காரர் யோசித்தாராம். மறைத்ததாக ஞாபகம் இல்லை. டிக்கெட்டைக் கொடுத்துவிட்டார். தொலைக்காட்சிக் கேமரா மூன்றாவது மாடியின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது என்பது அவருக்கும் அந்த நேரத்தில் தோன்றவில்லை. என் தம்பி பேசினால் அப்படித்தான், எதிராளிக்குத் தெரிந்ததும் மறந்துபோகும்.

"அக்கா, இன்னொரு அதிசயம் கேளு. அவ்ளோ நல்ல இடத்துல பாதிக்கு மேல காலியாக் கிடக்கு. விவரம் தெரியாத ஜனங்க!"

ஒரு பகுதி முழுக்கக் காலியாக இருந்தால் சாதாரண மனிதன் ஏன் என்று கேட்பான். நிபுணர் பரிதாபப்படுவார்.

மேட்ச் நாள் வந்தது. பஸ் வைத்துப் போனோம். வழியெல்லாம் தம்பி எழுந்து நின்று மைதானத்தின் பூர்வீகத்தைச் சொல்லிக்கொண்டே வந்தான். முதலாளி தலையாட்டிக்கொண்டே கேட்டார். லேத்துக்காரர் தூங்குவதுபோல நடித்தார். உள்ளே போனோம். தம்பி ஒவ்வொரு குடும்பத்தையும் கைகாட்டி வரிசையாக உட்கார வைத்தான். குழந்தைகள் முன்னால், உயரமானவர்கள் பின்னால், முதலாளி நட்டநடுவில். அவ்வளவு நேர்த்தி. காயில் சுற்றியதுபோல இருந்தது.

எங்களுக்கு முன்னால், பச்சைப் பசேலென்று விரிந்திருக்க வேண்டிய இடத்தில், இரண்டாள் உயரத்துக்கு ஒரு பெரிய கறுப்புத் திரை நின்றது.

மட்டை பிடிப்பவருக்குப் பந்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று வைப்பது அது. அவருக்கு அது வசதி. அதன் பின்னால் உட்கார்ந்தவருக்குச் சுவர்.

"இதை எப்ப எடுப்பாங்க?" என்றார் முதலாளி.

தம்பி திரையை மேலும் கீழும் பார்த்தான். "மேட்ச் முடிஞ்சதும் எடுத்துடுவாங்க முதலாளி."

ஸ்கோர் காட்டும் பெரிய பலகையையாவது பார்க்கலாம் என்றால், அது எங்கள் தலைக்கு மேலேயே இருந்தது. கழுத்தை ஒடித்தாலும் தெரியாது. வலப்பக்க ஓரத்தில் திரைக்கும் கம்பி வேலிக்கும் நடுவே கொஞ்சம் புல் தெரிந்தது. அந்த இடுக்கில் எப்போதாவது ஓர் ஆட்டக்காரர் வந்து நிற்பார். அவர்தான் எங்களுக்குக் கிடைத்த மேட்ச். அவர் வந்தால் கைதட்டினோம். அவர் மூக்கைச் சொறிந்தால் விசிலடித்தோம். அவர் ஒன்றும் புரியாமல் எங்களுக்குக் கும்பிடு போட்டார்.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே கூனிக் குறுகிப்போயிருப்பார்கள். என் தம்பியை அப்படி வளர்க்கவில்லை. திரைக்கு முன்னால் எழுந்து நின்றான். கண்ணை மூடினான். மட்டையில் பந்து பட்ட சத்தத்தையும் கூட்டத்தின் கூச்சலையும் வைத்து எங்களுக்கு மேட்சைச் சொல்ல ஆரம்பித்தான்.

"டொக்குனு கேட்டுச்சா? பந்து மேல எழும்பல. மண்ணு காய்ஞ்சிருக்கு. இப்ப சத்தம் பாருங்க... சிக்ஸர்!"

"அவுட்டுப்பா" என்றார் லேத்துக்காரர், காதில் ஒயரோடு. "நான் போன்ல கேட்டுட்டிருக்கேன்."

"அவுட்தான். இந்த மண்ணுல சிக்ஸருக்குத் தூக்கினா அவுட்தான் ஆகும்."

"ஏம்ப்பா, ரேடியோ கேக்கறதுக்கா இவ்ளோ தூரம் பஸ் ஏறி வந்தோம்? வீட்லயே ஒரு கறுப்புப் போர்வையை மூஞ்சில போத்திட்டுக் கேட்டிருக்கலாமே!"

எல்லாரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. தம்பியின் மனைவி என் காதில், "அண்ணி, மேஸ்திரி வேலை போச்சு. இருக்கிற வேலையாவது நிக்குமா?" என்றாள்.

விளக்குகள் போட்டார்கள். மேட்ச் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது என்று கூச்சலிலிருந்து தெரிந்தது. வெளியூர் அணியின் பெரிய மட்டையாளர் தனியாளாக அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தார். இன்னும் சில பந்துகள் அவர் நின்றால் நம்மவர்கள் தோற்றார்கள். தம்பி சும்மா இருந்தானா? "பாருங்க, இந்த மைதானத்துல சாயங்காலம் இந்தப் பக்கத்துலேர்ந்துதான் விக்கெட் விழும்" என்றான்.

"எதைடா பாக்கறது?" என்று முதலாளிக்குப் பொறுமை அறுந்தது. "காசு குடுத்து நான் ஒரு துணியப் பாத்துட்டிருக்கேன்!"

சொன்னவர் நாற்காலிமேல் ஏறினார். ஆறடி மனிதர். கறுப்புத் திரையின் விளிம்புக்கு மேலே அந்த வழுவழுத் தலை பௌர்ணமி நிலவாக உதித்தது. விளக்கு வெளிச்சத்தில் மின்னியது.

அந்தப் பக்கம் மட்டையாளர் ஒதுங்கி நின்று கையை நீட்டினாராம். நடுவர் திரும்பி, உட்காருங்கள் என்று கைகாட்டினாராம். மைதானம் மொத்தமும் "உக்காருய்யா!" என்று ஒரே குரலில் கத்தியது. அது எங்களுக்கே கேட்டது. முதலாளி வெலவெலத்து உட்கார்ந்தார். மறு நிமிஷம் மைதானம் இடிந்து விழுவதுபோல ஓர் ஆரவாரம்.

"பௌல்டு!" என்று லேத்துக்காரரே துள்ளிக் குதித்தார். "கவனம் கலைஞ்சு போச்சாம்யா! கிளீன் பௌல்டு!"

நம்மவர்கள் ஜெயித்தார்கள். முதலாளியின் போன் அடிக்க ஆரம்பித்தது. முதலில் அவர் மனைவி. "என்னங்க, உங்க தலையை டிவியில நாலு பக்கத்துலேர்ந்து காட்டுறாங்க!" பிறகு சம்பந்தி. பிறகு பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி. மேல்மாடியிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்து, "அண்ணே, அந்த விக்கெட் உங்களுக்குத்தான்!" என்று கும்பிட்டார்கள். முதலாளி முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் பரவியது. தம்பியைத் திரும்பிப் பார்த்தார்.

"டேய். தெரிஞ்சேதான் என்னை நட்டநடுவுல உட்கார வெச்சியா?"

இந்த இடத்தில் நேர்மையான மனிதன் என்ன சொல்வான்? மைதான நிபுணர் அதைச் சொல்ல மாட்டார்.

"இந்தப் பக்கத்துலேர்ந்து விக்கெட் விழும்னு சொன்னேனா இல்லையா முதலாளி?"

"விக்கெட்டை எடுத்தது பக்கமில்ல, வழுக்கை" என்று முணுமுணுத்தார் லேத்துக்காரர். கேட்க ஆளில்லை. திரும்பும் வழியில் பஸ்ஸிலேயே தம்பி மேஸ்திரி ஆகிவிட்டான். பட்டறைக்கு நல்லதுதான், மோட்டார் விஷயத்தில் அவன் கண்ணை மூடிக்கொண்டு எதையும் சொல்வதில்லை.

ஆனால் ஒரு கெடுதல் நடந்துவிட்டது. இப்போது முதலாளியும் மண்ணைப் பற்றிப் பேசுகிறார். மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருபவர்களிடம், "எந்த ஊரு? ஓ, அங்க பந்து தாழ்ந்து வருமே" என்கிறார். வந்தவர்கள் ரிப்பேர் எப்போது முடியும் என்று கேட்கப் பயப்படுகிறார்கள். இந்த நோய்க்கு ஒருவர் இருமினால் போதும், பட்டறை மொத்தமும் படுத்துவிடும்.

உங்களுக்கு வந்திருக்காது என்றுதான் நம்புகிறேன். எதற்கும் ஒரு சின்னச் சோதனை. அந்தப் பெரிய மட்டையாளர் அவுட்டானது முதலாளியின் தலையால்தான் என்று ஒப்புக்கொள்கிறீர்களா? அல்லது, "சேச்சே, அதெல்லாம் இல்லை, விளக்குப் போட்ட பிறகு அந்த மாதிரி களத்தில் பந்து கொஞ்சம் சறுக்கிக்கொண்டு வரும்" என்று உள்ளே ஒரு குரல் கேட்கிறதா? கேட்டால் பதறாதீர்கள். வீட்டில் இருப்பவர்களிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு அது எப்போதோ தெரியும்.