வாடகைக்குக் குடியிருந்த மாமரம்

திருப்பூரில் வாடகை வீடு கிடைக்காமல் அலைந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். ஒரு மாமரத்தையும் கூட்டிக்கொண்டு வாடகை வீடு தேடி அலைந்தவர், இந்த ஊரில் பனியன் மிஷின் ஓட ஆரம்பித்த நாளிலிருந்து ஒரே ஒருவர்தான். அவருக்குப் பக்கத்து மிஷினில் உட்கார்ந்து நான் தைத்தேன். அது என் தலையெழுத்து.

கண்ணுகளா, அப்பாவுக்கு ஏன் அடிக்கடி இடுப்புப் பிடித்துக்கொள்கிறது, அரிசி மூட்டையைக் கண்டால் ஏன் தூரமாக நிற்கிறேன் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்களே, அதற்குப் பதில்தான் இது. சொல்லவே அலுப்பாக இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளத்தன்று மேனேஜர் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். கம்பெனியில், டீக்கடையில், சந்தையில், எல்லா இடத்திலும் அவர் டிரம்காரர். ஓவர்லாக் டெய்லர். கை வேகமாக ஓடும். வாய் அதைவிட வேகமாக ஓடும். மிஷின் நின்றால்கூட வாய் நிற்காது, கரண்ட் போனால்தான் இன்னும் நன்றாகக் கேட்கும்.

ஒரு கோடையில் கம்பெனி வாசலுக்குக் கூடையில் சேலத்து மாம்பழம் வந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பழம் வாங்கி வந்து, மிஷினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தின்றார். கண்ணை மூடியவர் திறக்கவே இல்லை. மயக்கம் போட்டுவிட்டாரோ என்று நான் தொட்டுப் பார்த்தேன். அவர் கொட்டையைச் சப்பிக்கொண்டிருந்தார். சப்பிச் சப்பி, சலவைப் பட்டறையில் வெளுத்தெடுத்த பனியன் மாதிரி ஆகிவிட்டது அந்தக் கொட்டை. அப்புறம் அதை ஈரத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, இந்தப் பழத்தை இனிமேல் காசு கொடுத்து வாங்கப்போவதில்லை, வீட்டிலேயே காய்க்க வைக்கப்போகிறேன் என்று அறிவித்தார்.

தோட்டத்துப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், கொட்டை போட்டு முளைக்கிற மரம் தாய் மரம் மாதிரியே காய்க்கும் என்று சொல்ல முடியாது, அந்த ருசி வேண்டுமென்றால் ஒட்டுக் கன்றுதான் வாங்க வேண்டும் என்று நல்லபடியாகத்தான் சொன்னார். டிரம்காரர் அவரோடு தீபாவளி வரை பேசவில்லை.

வரிசையாக வீடு கட்டி வாடகைக்கு விட்ட வளவில் ஒற்றை அறையில் குடியிருப்பவருக்கு மண் ஏது? சலவைப் பட்டறையில் கெஞ்சி, பிளீச்சிங் பவுடர் வந்த இரும்பு டிரம் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். அதில் மருந்து நெடி போகவில்லை. கழுவினார். மறுபடி கழுவினார். வளவில் ஒற்றைக் குழாய். எப்போது தண்ணீர் வரும் என்று பெண்கள் குடத்தோடு வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அந்தத் தண்ணீரில் அவர் டிரம்மைக் குளிப்பாட்டினார். வாரக் கடைசியில் வளவுக்காரர் வந்து, வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். முளைப்பதற்கு முன்பே ஒரு வீட்டைக் காலி செய்ய வைத்த மரம் அது.

அடுத்த வீட்டில்தான் முளைத்தது. செம்பு நிறத்தில் நாலு இலை, தொட்டால் நோகுமோ என்பது போலத் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. காலையில் மிஷினில் உட்கார்ந்ததும் முதல் செய்தி அதுதான். நேற்று இலை நிமிர்ந்தது, இன்று பச்சை பிடித்தது, எறும்பு ஏறுகிறது. ஞாயிற்றுக்கிழமை இஞ்சு டேப்பை எடுத்து அதற்கு அளவெடுப்பார். உயரம், சுற்றளவு, கைக்கு எவ்வளவு என்று கிளைக்கும் சேர்த்து.

ஒருநாள் ஆடு வந்து கடித்துவிட்டது. அதற்கு மறுநாள், கம்பெனிக் கழிவில் பனியன் துணி எடுத்து, கழுத்து, கை எல்லாம் வைத்து ஓவர்லாக் அடித்து, கன்றுக்கு ஒரு பனியன் போட்டுவிட்டார். அவருடைய சம்சாரத்தை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா அன்று என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏந்தம்பி, இதைய நீயே கேளு. எனக்கு ரவிக்கை தெச்சுக் குடுங்கன்னு தை மாசத்துலிருந்து சொல்லீட்டிருக்கறேன். மரத்துக்கு ரெண்டு பனியன் ஆயிருச்சு. மாத்துத் துணி வேற."

அது வளர வளரச் சைசும் மாறியது. பழையதைக் கழற்றிப் புதியதை மாட்ட என்னைக் கூப்பிடுவார். மரத்துக்குத் தலைவழியாகப் பனியன் போட்டுவிட்டவன் இந்த உலகத்தில் உங்கள் அப்பா ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

வீடு மாறுவதுதான் பெரிய பாடு. சுவரில் வேர் ஏறும் என்று ஒருவர் காலி செய்யச் சொன்னார். டிரம் துருவால் வாசல் கெட்டது என்று இன்னொருவர். டிரம்காரர் வீடு பார்க்கப் போகும்போது மரத்தைப் பற்றி மூச்சுவிட மாட்டார். எத்தனை பேர் என்று கேட்டால் மூன்று பேர் என்பார். குழந்தை குட்டி கிடையாது, அவரும் அக்காவும்தான். குடிபோகிற அன்றைக்குக் கைவண்டியிலிருந்து பனியன் போட்டுக்கொண்டு மூன்றாவது ஆள் இறங்கும். வீட்டுக்காரர் வாயடைத்து நிற்கும்போதே நாங்கள் டிரம்மை உள்ளே வைத்துவிடுவோம். நாங்கள் என்றால் நான். அவர் முன்னால் நின்று, பார்த்து, பார்த்து, இலை, இலை என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

ஊத்துக்குளி ரோட்டுப் பக்கம் போனபோது ரயில்வே கேட்டை மூடிவிட்டார்கள். நல்ல வெயில். வண்டியில் மரம் நிற்கிறது. பாசஞ்சர் ரயில் மெதுவாகத்தான் போயிற்று. ஜன்னல் ஜன்னலாக முகங்கள், பனியன் போட்ட மரத்தைப் பார்த்துச் சிரிக்கின்றன. டிரம்காரர் மட்டும் பெரிய மனிதர் வீட்டுக் கல்யாண ஊர்வலத்தில் வருகிறவர் போலக் கும்பிடு போட்டார். நான் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் மரத்துக்கு நோவு வந்தது. டிரம்மின் அடி துருப்பிடித்து ஓட்டையாகி, வேர் வெளியே எட்டிப் பார்த்தது. இலை ஓரமெல்லாம் கருகியது. புதுத் தளிர் வரவில்லை. இரும்புக்குள் இனி இடமில்லை, தரையில் இறக்கினால்தான் பிழைக்கும் என்று பார்க்கிற எல்லோரும் சொன்னார்கள். டிரம்காரர் வாய் அன்றைக்குத்தான் நின்றது. பக்கத்து மிஷினில் சத்தமே இல்லாமல் இருந்ததில் எனக்குத் தையல் கோணிப்போயிற்று.

எங்கெங்கோ கேட்டார். கம்பெனி முதலாளி, லாரி திரும்புகிற இடத்தில் மரமா என்றார். சலவைப் பட்டறைக்காரர், எங்கள் தண்ணீரில் புல்லே முளைப்பதில்லை என்று உண்மையைச் சொன்னார். கடைசியில் டிரம்காரர் அப்போது குடியிருந்த வளவின் சொந்தக்காரியைத்தான் கேட்க வேண்டியிருந்தது. பால்காரம்மா என்பார்கள். பின்பக்கம் எருமை கட்டுகிற இடம் தாராளமாக இருந்தது. ஆனால் குடியிருப்பவர்கள் மரம் வைப்பதென்றால் அந்தக் காலத்து வீட்டுக்காரர்கள் லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மரத்தைக் காட்டி இடத்தையும் கேட்டுவிடுவார்களோ என்ற பயம்.

"மூலனூர்ல எங்கண்ணன் ஊட்டுல குடியிருந்தவன் முருங்கை வெச்சான்," என்றார் பால்காரம்மா. "மரமும் போகுலே, அவனும் போகுலே. ஆகாதுங்க டெய்லரே."

டிரம்காரர் போகவில்லை. எருமைச் சாணி அள்ளுகிற கூடைக்குப் பக்கத்திலேயே நின்றார். ரொம்ப நேரம் கழித்துப் பால்காரம்மா ஒரு வழி சொன்னார். மரத்தை இங்கே இறக்கலாம். ஆனால் வளவு சனம் பார்க்கச் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். மரம், இலை, பூ, காய், பழம் எதுவும் டெய்லருடையது இல்லை, எல்லாம் பால்காரம்மாவுடையது என்று.

எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. இத்தனை வருஷம் சுமந்தது இதற்கா என்று சொல்லலாமா என்று பார்த்தேன். டிரம்காரர் மரத்தைப் பார்த்தார். கருகிய இலை ஒன்று அப்போதுதான் விழுந்தது. வாசலில் சூடம் ஏற்றி, முருகன் மேல் ஆணை என்று சொல்லி, பளாரென்று உள்ளங்கையால் அடித்து அணைத்தார். கையை உதறிக்கொண்டே, "சரி, குழி எங்க தோண்டறதுங்க?" என்றார்.

குழி தோண்டியது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

டிரம்மை உளியால் வெட்டிப் பிரித்தபோது, வேரெல்லாம் கோனில் சுற்றிய நூல் மாதிரி சுற்றிச் சுற்றி இறுகிக் கிடந்தது. அவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். எருமைத் தொழு மண்ணில் அது பிடித்துக்கொண்டது. அடுத்த மழைக்குத் தளிர் விட்டது. அப்புறம் வளர்ந்த வளர்த்தியில் எந்தச் சைஸ் பனியனும் பற்றவில்லை.

சத்தியத்துக்குப் பிறகு அவரோடு காலம் தள்ளுவது இன்னும் கஷ்டமாகிவிட்டது. பொங்கலுக்கு வாசலில் தோரணம் கட்ட வேண்டும். பத்தடி தூரத்தில் மாமரம் நிற்க, சந்தைக்குப் போய் மாவிலை வாங்கி வந்தார். உதிர்ந்த சருகைக்கூட அடுப்பில் போட அக்காவை விடமாட்டார். தண்ணீர் மட்டும் தினமும் ஊற்றுவார். கேட்டால், தண்ணீர் ஊற்றமாட்டேன் என்று சத்தியம் செய்யவில்லையே என்பார். ஒரு கோடையில் மரத்தின் நிழல் நகர்ந்து அவர் வாசலுக்கு வந்துவிட்டது. அந்த நிழலில் உட்காரலாமா, அதுவும் சத்தியத்தில் சேருமா என்று ஒரு சாப்பாட்டு வேளை முழுக்க என்னைப் போட்டு வாட்டினார். நிழல் சூரியனுடையது, பால்காரம்மாவுடையது இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் நான் சோற்றில் கை வைத்தேன்.

அப்புறம் ஒரு தை மாதம் பூத்தது. பூவில் பாதி பனியில் கருகி, பிஞ்சில் பாதி காற்றில் விழுந்து, கைவிரலில் எண்ணுகிற அளவுக்குத்தான் நின்றது. பழுத்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளைக்கு முட்டுக்கொடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பால்காரம்மா முதல் பழத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்தார். அந்த அம்மா யாருக்கும் சிரித்துக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

"இந்தாங்க டெய்லரே. மொதப் பழம். நீங்கதான் திங்கோணும்."

"வேண்டாமுங்க. சூடம் அணைச்சிருக்கறேனுங்க."

"அணைக்கச் சொன்னதே நாந்தானுங்களே. நானே சொல்றேன், தின்னுங்க."

"சொன்னது நீங்கதானுங்க. சத்தியம் முருகனுக்கில்லீங்களா பண்ணுனேன்."

இன்னொரு சூடம் ஏற்றி முதல் சத்தியத்தை வாபஸ் வாங்கலாமா என்று கேட்டுப் பார்த்தார் பால்காரம்மா. அவர் அசையவில்லை. ஆனால் கண் மட்டும் தட்டைவிட்டு நகரவில்லை. வளவே வந்து சுற்றி நின்றது.

அப்போது அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளேயிருந்து வந்தார்.

"தள்ளுங்க அக்கட்டால. சத்தியம் பண்ணுனது நீங்க. நான் பண்ணுலீங்களே."

பழத்தை எடுத்தார். கடித்தார். டிரம்காரர் அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். மரத்துக்கு அளவெடுக்கும்போதுகூட அவர் அவ்வளவு உன்னிப்பாக நின்று நான் பார்த்ததில்லை. அக்கா அவசரப்படவில்லை. நிதானமாக, தோல்கூட மிச்சமில்லாமல் தின்று, கொட்டையைச் சப்பி, அது மறுபடி முளைத்துவிடக் கூடாது என்பதுபோல நேராக எருமைத் தொட்டியில் போட்டார்.

"எப்புடி இருக்குது அம்மிணி?"

"தேனுங்க," என்றார் அக்கா. "அந்தச் சேலத்துப் பழத்தைப் பத்தி நீங்க அன்னைக்குச் சொன்னது பொய்யில்லீங்க."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொண்டே மரத்தைச் சுற்றி வந்தார்.

நான் கிளம்பும்போது பால்காரம்மா என் கையிலும் ஒரு பழம் கொடுத்தார். வழியிலேயே கடித்தேன். கண்ணுகளா, அப்படி ஒரு புளிப்பை நான் அதற்கு முன்னும் தின்றதில்லை, பின்னும் தின்றதில்லை. காது மடல்வரை இழுத்தது. ரோட்டிலேயே நின்றுவிட்டேன். முழுப் பழத்தையும் முகம் சுளிக்காமல் தின்ற அக்காவை நினைத்துக்கொண்டு, மிச்சத்தையும் தின்று முடித்தேன்.

மறுநாள் காலையில் மிஷினில் உட்கார்ந்ததும் அவர் என் பக்கம் சாய்ந்து, மெதுவாகத்தான் கேட்டார்.

"தம்பி, அம்மிணி எம்மேல இருக்கற பிரியத்துல எதையாச்சும் சொல்லீரும். நீ சொல்லு. நெசமாலுமே எப்புடி இருந்துச்சு?"

"அக்கா சொன்ன மாதிரியேதானுங்கண்ணா," என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு மிஷினைப் பார்த்துத் திரும்பினார்.

எனக்குப் பல் கூச்சம் போக இரண்டு நாளாயிற்று. எதற்கும் இன்னொன்று தின்று பார்த்துச் சொல் தம்பி என்று அவர் கேட்டிருந்தால், அதையும் தின்றிருப்பேன்.