கிள்ளு மாமா பார்த்த கால்

அஞ்சாவதோடு நின்றவள் நான். எழுத்து கோணல்மாணலாக வரும். முன்னது பின்னது மறந்தும் போகும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

பழவேற்காடு ஏரிக்கரையில் கிள்ளு மாமாவின் விரல் படாத ஆம்பளைப் புஜம் ஒன்றுகூடக் கிடையாது. மீன் ஏலம் விடுவது அவர் தொழில். நாள் முழுக்க மீனை அமுக்கி அமுக்கி, "நேத்து மீனு, இன்னிக்கு மீனு" என்று சொல்லிப் பழகிய விரல், மீன் தீர்ந்த பிறகும் அடங்காது. எதிரே வருகிறவனை நிறுத்திப் புஜத்தையும் கெண்டைக்காலையும் கிள்ளுவார். "உங்க தாத்தன் கைடா இது. ஒரே இழுப்புல நங்கூரம் வந்துடும். ரெண்டாவது இழுப்புக்கு வேற ஆளைக் கூப்புடணும்" என்று ஏலக் குரலிலேயே அறிவிப்பார். பலம் ரத்தத்தில் வருவது, சோற்றில் வருவது இல்லை என்பது அவர் கட்சி. பொம்பளைகளைத் தொடமாட்டார். அது ஒன்றுதான் எங்களுக்கு நிம்மதி.

மீஞ்சூரில் ஒரு கல்யாணத்தில் மேடையேறி மாப்பிள்ளையையே கிள்ளிவிட்டார். "கேஸ் சிலிண்டர் தூக்கமாட்டான், பொண்ணு வூட்டுக்காரங்க யோசிச்சுக்கோங்க" என்றார். மாப்பிள்ளை எழுந்து மாமாவை அலாக்காகத் தூக்கிக்கொண்டு போய் மண்டபத்துக்கு வெளியே வைத்தார். மாமா அந்தரத்தில் இருந்தபடியே இன்னொரு தபா கிள்ளிப் பார்த்தார். "இது தாய்மாமன் கை! நான் அப்பன் பக்கமா மட்டும் பார்த்துட்டேன்" என்றார். உள்ளே திரும்பி வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

என் வீட்டுக்காரர் தோள் கொடுத்தால் பைபர் படகு மணலை விட்டு எகிறும். அவர் காய்ச்சலில் போன பிறகு, போட்டு ஓனர் அந்த இடத்தை என் மகன் சேகருக்குக் கொடுத்தார். அது போனால் எங்களுக்கு வேறு வழி இல்லை.

முதல் நாள், லைட்ஹவுஸ் குப்பத்துக் கரையில் எல்லோரும் சேர்ந்து போட்டைத் தள்ளினார்கள். போட்டு நகரவில்லை. சேகர்தான் நகர்ந்தான், முகம் குப்புற மணலுக்குள். மீன் கூடையோடு நானும் அங்கே நின்றிருந்தேன்.

"இன்னாடா இது? உங்க நைனா ஒத்தத் தோளுல தள்ளுவாரு. நீ தோசை மாதிரி கெடக்கிற!" என்றார் ஓனர்.

பின்னாலிருந்து ஒருத்தன், "அவருக்குத்தான் பொறந்தானானு மொதல்ல கேளுங்க" என்றான்.

சிரித்தார்கள். பதில் சொல்ல வேண்டிய மனுஷன் உயிரோடு இல்லை. எனக்கோ நாலு பேர் முன்னால் வாயே எழும்பாது. உடம்பெல்லாம் கூசிப்போய்த் தலையைக் குனிந்துகொண்டேன். சேகர் மணலிலிருந்து முகத்தை எடுக்கவேயில்லை.

அந்த நேரத்திலா கிள்ளு மாமா வரவேண்டும்! ரத்தத்தை ஆராய்கிற ஆள். இவர் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் என் மானம் சுண்ணாம்புக்குளம் வரைக்கும் போகும் என்று நடுங்கினேன்.

சேகரின் காலைக் கிள்ளினார். ரொம்ப நேரம் கிள்ளினார். பிறகு என் பக்கம் திரும்பி, "தங்கச்சி, காலைக் காட்டு" என்றார்.

"ணா, வேணாம்ணா..."

"தொடமாட்டேன்மா. கண்ணால பாத்துக்கிறேன்."

கரையே என் காலைப் பார்த்தது. பூமி பிளந்தால் இறங்கியிருப்பேன். புடவையை நான் தூக்கவில்லை. கணுக்கால்தான் தெரிந்திருக்கும். அதைப் பார்த்தே ஏலத்தை ஆரம்பித்துவிட்டார்.

"பாருங்கய்யா! பையன் கால் அப்பன் கால் இல்ல, ஆத்தா கால்! அப்பன் அதிர்வெடி. வெடிச்சா ஊரே அதிரும், அப்புறம் புகைதான். இவ யாரு? காலையில ஏரியில எறங்கி, ஓலைப் பறிக் கூடையைப் பல்லுல கடிச்சிக்கினு, சேத்தைத் தடவித் தடவி பொழுதுக்கும் இறா புடிக்கிறவ. எவனாவது நிப்பீங்களாடா அப்படி? அந்தக் கால்டா இது. தள்ளாது, ஆனா நிக்கும். அப்பனுக்குப் பொறந்தவனுக்கு ஆத்தா இல்லியா இன்னா? இவன் மொதல்ல அசந்து உக்காந்தா என் மீசையை எடுத்துடுறேன்!"

"உன் மீசையை வச்சி நான் இன்னாய்யா பண்றது?" என்றார் ஓனர். ஆனாலும் சேகரைப் போட்டில் ஏற்றிக்கொண்டார்.

கொஞ்ச நாள் கழித்து ஏரி நடுவில் இன்ஜின் நின்றுவிட்டது. எதிர்காற்றில் கழி ஊன்றித்தான் வரவேண்டியிருந்தது. பெரிய பெரிய தோள்காரர்கள் ஒவ்வொருத்தராக உட்கார்ந்துவிட்டார்கள். கரை தட்டும்போது கழி சேகர் கையில் இருந்தது. பிறப்பைப் பற்றிக் கேட்டவன் வலை மேல் மல்லாந்து கிடந்தான்.

சேகருக்கு வேலை நிலைத்தது. எனக்கு வெட்கம் நிலைத்தது. ஊரில் எனக்குக் 'காலம்மா' என்று பெயரே வைத்துவிட்டார்கள். இன்றைக்கும் பஸ் ஏறினால் முதலில் புடவைக் கரையைத்தான் இழுத்து விட்டுக்கொள்கிறேன்.

போன மாசம் ஆராய்ச்சிக்கு வந்த ஒரு காலேஜ் பெண்ணிடம், பலம் ரத்தத்தில் வருமா என்று கூச்சத்தோடு கேட்டேன். சதையில் வெடுக்கென்று இழுக்கிற நார் ஒரு வகை, சளைக்காமல் இழுக்கிற நார் ஒரு வகையாம். யாருக்கு எது கூடுதல் என்பதில், அப்பா அம்மா ரெண்டு பேரிடமிருந்தும் வருகிற ஜீனுக்குப் பங்கு உண்டாம். ஒரு ஜீன் இல்லை, நிறைய சேர்ந்து செய்கிற வேலையாம். சாப்பாடும் உழைப்பும்கூடச் சேருமாம்.

"கிள்ளிப் பாத்தா தெரியுமாம்மா?"

"கிள்ளிப் பாத்தெல்லாம் தெரியாதும்மா. கணுக்காலைப் பாத்தா சுத்தமா தெரியாது."

அப்படியென்றால் அன்றைக்கு அவர் பார்த்தது என் காலை இல்லை, குனிந்திருந்த என் தலையை.

நார், ஜீன் என்று நான் எழுதியிருப்பது சரிதானா என்று படித்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்துங்கள். மாமா சொன்னதில் தப்பு இருந்தால் எனக்கு மட்டும் சொல்லுங்கள். அவர் இன்னும் கரையில் ஏலம் விட்டுக்கொண்டிருக்கிறார். அவர் காதில் விழ வேண்டாம்.