பத்து கிலோ அண்ணனின் விரால்

மதுரை சுற்றுவட்டாரக் கண்மாய்களில் மீன் வளர்வதில் மழைக்குப் பாதிப் பங்குதான். மீதிப் பாதி, பழங்காநத்தத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் பத்து கிலோ அண்ணனின் வாய்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ரேஷன் கார்டோடு சரி. திருமங்கலம் பக்கம், சொந்த ஊர்க் கண்மாயில் அவர் பிடித்த விரால் எல்லாமே பத்து கிலோ என்பதால் தெருவே சேர்ந்து வைத்த பெயர் இது. காலையில் கடை திறக்கும்போது மூன்று கிலோவாக இருக்கும் விரால், பதினோரு மணி டீக்கு ஆறாகி, ஷட்டரை இறக்குவதற்குள் பத்தைத் தொட்டுவிடும்.

"எப்படிண்ணே இம்புட்டுப் பெருசாகும்?" என்று கேட்டால் போதும், செம்புக் கம்பியைக் கீழே வைத்துவிடுவார். மோட்டார் கொடுத்தவர் பாடு திண்டாட்டம்.

"விரால் காத்தையும் குடிக்கும்டா. தண்ணி வத்துனா சேத்துக்குள்ள போயி படுத்துக்கிரும். மடைகிட்ட ஆழத்துல கெடக்குறது அயிரையத் தின்னுக்கிட்டே வளரும். எங்க கம்மாயில கெடக்குறது எங்கப்பா காலத்து மீனு!"

போட்டோ கேட்டால் காட்டுவார். மீனைப் பிடித்த இரு கைகளையும் கேமராவை இடிக்கிற மாதிரி நீட்டியிருப்பார். மீன் முதலை போலத் தெரியும், அண்ணன் அதற்குப் பின்னால் ஒளிந்த பொடியன் போலத் தெரிவார்.

எடை போட்டீர்களா என்று மட்டும் கேட்கக் கூடாது. ஊர்க் கட்டுப்பாட்டை எடுத்து விடுவார். கோடையில் தண்ணீர் வற்றியதும் ஊரே கண்மாயில் இறங்கி மீன் பிடிக்கும். பிடித்ததை விற்கவும் கூடாது, தராசில் வைக்கவும் கூடாது. வைத்தால் சாமி குத்தமாகி அடுத்த வருடம் மழை பெய்யாதாம். புளுகுகிறவருக்கு இதைவிட வசதியான சாமி வேறு எந்த ஊரில் கிடைக்கும்?

போன கோடையில் வசமாக மாட்டினார். மீன் பிடிக்கிற அதே நாளில் புது மாப்பிள்ளை விருந்துக்கு வருகிறார். அவரோ மாமனார் பேச்சில் பாதியைக் கழித்துவிட்டுக் கேட்பவர். "நம்ம கம்மாயில இருந்தே பெரிய விராலாப் பிடிச்சு வைக்கிறேன் மாப்ள" என்று அண்ணன் போனில் வாக்குக் கொடுத்துவிட்டார். தவறினால் மகள் முன்னால் தலை காட்ட முடியாது. துணைக்கு என்னைக் கூட்டிப்போனார். நான் வேடிக்கை பார்க்கத்தான் போனேன். பையில் ஒரு கொக்கித் தராசும் வைத்திருந்தேன். அவ்வளவு நல்ல எண்ணம் எனக்கு.

ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் கூட்டம் பாய்ந்தது. அடியில்லாத கூடை போன்ற ஊத்தாவை அண்ணன் மடையோரம் அமுக்கி, உள்ளே கைவிட்டு, "ஏ, பிடிடா!" என்று அலறிக்கொண்டே குப்புற விழுந்தார். நானும் விழுந்து, வழுக்கியதை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினேன். அப்படி ஒரு விராலை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

படம் எடுக்க வழியில்லை. சேற்றுக்குப் பயந்து போன்களை அண்ணனின் ஊர் வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தோம். தராசை எடுத்தேன். அண்ணன் முகம் மலர்ந்தது. "போடுடா எடைய!"

பெரியவர் வந்துவிட்டார். "என்னப்பா, வருசா வருசம் கட்டுப்பாட்டப் பேசுற ஆளே மீறலாமா?"

"ஐயா, ஒரே ஒரு தடவ..."

"தராச உள்ள வையிங்கப்பா."

வைத்தேன். மீனை முதலில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு நாங்கள் சேறு கழுவித் திரும்புவதற்குள், அண்ணி அதை நறுக்கி, வழக்கப்படி பங்காளி வீடுகளுக்கெல்லாம் கொடுத்தனுப்பிவிட்டார்.

மாப்பிள்ளை உட்கார்ந்தபோது இலையில் நாலு துண்டு. "கடையில வாங்குனதா மாமா?" என்று சிரித்தார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏழு கிலோ மாப்ள! நாந்தான் தூக்குனேன். இன்னும் நெஞ்சு வலிக்குது."

அண்ணன் பதறிப்போனார். "டேய், ஏழெல்லாம் இல்லடா. நாலுதான் இருக்கும்."

மாப்பிள்ளையின் கை இலையிலேயே நின்றது. மாமனார் எடையைக் குறைத்துச் சொல்லி அவர் கேட்டதே இல்லை. "நெசமாவா மாமா?" என்றார், இந்த முறை சிரிக்காமல். மகள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

இப்போதெல்லாம் கடையில் யார் கேட்டாலும் அண்ணன் நாலு கிலோ என்றுதான் சொல்கிறார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஏழுக்கு ஒரு கிராம் குறைய விடுவதில்லை.