ஏ.சி.க்கு வேர்வை வைத்தியம்

வாடிக்கையாளரை முதலில் வேகவைத்து, அப்புறம் குளிர வைக்கும் கார் ஏ.சி. மெக்கானிக் பூலோகத்திலேயே ஒருவர்தான். திருவண்ணாமலை பக்கம் கீழ்பென்னாத்தூரில் ஷெட் வைத்திருக்கிறார். ஊரே அவரை 'வேர்வை' என்றுதான் கூப்பிடும்.

எந்த வண்டி வந்தாலும் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஓனரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பத்து நிமிஷம் ஏ.சி.யை ஓடவிடுவார். எங்கே முதலில் வேர்க்கிறது என்று பார்த்தால் கோளாறு தெரிந்துவிடும் என்பது அவர் சித்தாந்தம். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் அதிகாரி ஒருவர் நாலாவது நிமிஷமே கதவைத் திறந்துகொண்டு ஓடினார். ரமணாசிரமம் பக்கம் தங்கியிருந்த வெள்ளைக்காரரோ இதை ஏதோ தியானப் பயிற்சி என்று நினைத்துக் கண்ணை மூடி அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். வேர்வைதான் பயந்துபோய் அவரை எழுப்பினார்.

என் கார் ஏ.சி. மக்கர் செய்து அவரிடம் போனபோது எனக்கு இதையெல்லாம் ரசிக்கிற நிலை இல்லை. புதுச்சேரியில் பிரசவமான மகளையும் பதினோரு நாள் பேரனையும் மறுநாள் அழைத்துவர வேண்டும். கத்திரி வெயில் கொளுத்துகிறது. சர்வீஸ் சென்டரிலோ கம்ப்ரஸர் போய்விட்டது, நாற்பத்தெட்டாயிரம் ஆகும், ஒரு வாரம் பிடிக்கும் என்று கையை விரித்துவிட்டார்கள்.

"சார், முழங்கால்ல வேர்க்குதா?"

"எல்லா இடத்துலயும் வேர்க்குதுங்க."

"கம்ப்ரஸர் போயிருந்தா காத்து சூடா வரும். இது ஜில்லுனுதான் வருது, ஆனா ரொம்பக் கம்மி. உள்ள இன்னாவோ அடைச்சிருக்கு."

டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றினார். சட்டென்று செருப்பையும் கழற்றினார். ஒவ்வொரு பௌர்ணமியும் கிரிவலம் முடித்து வாங்கும் விபூதிப் பொட்டலத்தை, கண்ட இடத்தில் போட மனமில்லாமல் அந்தப் பெட்டியில்தான் திணித்து வந்திருக்கிறேன். எல்லாம் பின்பக்கச் சந்தில் விழுந்து, காற்றை ஊதும் ப்ளோயரின் வாயை அடைத்திருந்தன. துண்டை விரித்து ஒவ்வொன்றாகக் கண்ணில் ஒற்றி எடுத்து வைத்தார்.

"பதினேழு பொட்டலம் சார். அண்ணாமலையாரே வழியில உக்காந்துக்கினு இருந்தா கம்ப்ரஸர் இன்னா பண்ணும்?"

துடைத்துப் பூட்ட ஒரு மணி நேரம் ஆனது. கூலி முந்நூற்றைம்பது ரூபாய். போன உயிர் திரும்பி வந்தது. அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் திரும்பும்போது ஷெட் வாசலில் கையைக் காட்டி வண்டியை நிறுத்தினார். பின்கதவை ஒரு சாண் திறந்து பேரனைப் பார்த்தார். கையை உள்ளே விட்டு, முன் சீட்டுகளுக்கு நடுவிலிருந்த காற்றுத் துவாரத்தை மெல்ல மேல் பக்கம் திருப்பினார்.

"கொழந்த மேல நேரா அடிக்கக் கூடாதும்மா" என்று என் மகளிடம் ரகசியம் போலச் சொன்னார். "தூங்கட்டும். போங்க."

பேரன் வீடு வரும்வரை கண் திறக்கவில்லை. இன்றைக்கும் அந்த வழியாகப் போனால் ஷெட்டில் நிறுத்தாமல் தாண்ட மனசு வருவதில்லை, ஏ.சி. எவ்வளவு நன்றாக ஓடினாலும்.