மேரி வீட்டுச் சுவர்

எங்கள் நாமக்கல் பக்கம் கோழிக்குத் தீவனம் கிடைத்துவிடும். லாரிக்கு டிரைவர்கூடத் தேடினால் கிடைத்துவிடுவார். பண்ணைக்காரனுக்குப் பெண் மட்டும் கிடைக்காது. பெண்களெல்லாம் படித்து, கோயமுத்தூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். நாங்கள் கோழிகளோடு அதே இடத்தில் நிற்கிறோம். (கோழிகளாவது கூண்டுக்குள் இருப்பதால் போக முடியவில்லை. எங்களுக்கு என்ன கேடு?)

என் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்த தரகர் ஒருநாள் பண்ணைக்கே வந்துவிட்டார்.

"தம்பி, இப்பெல்லாம் எத்தனை ஏக்கருன்னு யாருங்க கேக்கறாங்க? மாப்பிள்ளை இங்கிலீசு பேசுவாராங்கறாங்க. நல்லாப் பேசுவாருன்னு நான் சொல்லிப்போட்டனுங்க. நீங்க வெரசாக் கத்துக்கோங்க."

முதலில் பொய், பிறகு படிப்பு. அவருடைய வழக்கம் அது.

போனில் ஓர் இலவச இங்கிலீஷ் பாடம் அகப்பட்டது. ஒரு பெண் குரல் வாக்கியம் சொல்லும், நான் திருப்பிச் சொல்ல வேண்டும். எல்லாமே நடந்து முடிந்த காரியங்கள். யாரோ போனார், வந்தார், நின்றார், குதித்தார். கூடவே எங்கே, யாரோடு, எதற்குப் பின்னால் என்று ஒரு வால். தீவனம் அள்ளிப் போட்டபடி நான் ஒப்பிக்க, கோழிகள் தலையைச் சாய்த்துக் கேட்டன. எனக்கோ ஒரே பிரமிப்பு. வாக்கியத்துக்கு அச்சு ஒன்றுதான். வார்த்தையை மாற்றிப் போட்டால் கடற்கரைக்கும் போகலாம், காட்டுக்கும் போகலாம். கோழிக்கு முட்டையிடத் தெரிந்த அளவுக்குக்கூட உலகம் தெரியாத நான், ஷெட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போவதற்குள் பாலம் கடந்து, ரயில் ஏறி, மழையில் நனைந்து திரும்பிவிடுவேன்.

மல்லசமுத்திரத்தில் ஒரு ஜாதகம் பொருந்தியது. பெண் நிவேதா, கோயமுத்தூரில் ஒரு கம்பெனியில் நாள் முழுக்க வெளிநாட்டுக்காரர்களோடு போனில் பேசுகிற வேலை.

பெண் பார்க்கப் போவதற்கு முந்தின நாள் மத்தியானம் கரண்ட் போய்விட்டது. ஷெட்டில் தண்ணீர் தெளிக்கிற குழாய்கள் நின்றன. ஜெனரேட்டர் கிளம்பவில்லை. அந்த வெயிலில் கோழிகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. பிறகு கூண்டு கூண்டாக விழுந்தன. பொழுது சாயும்வரை நானும் அப்பாவும் அள்ளிக்கொண்டுபோய்க் குழியில் போட்டோம். அம்மாவிடம் "கொஞ்சம் போச்சு" என்று மட்டும் சொன்னோம்.

தரகருக்கு விஷயம் எட்டி, போனில் கத்தினார். "அங்க கோழி செத்ததப் பத்தி மூச்சு உடப்படாதுங்க! பண்ணை ஓகோன்னு இருக்குதுன்னு சொல்லுங்க. இந்த இடமும் தட்டிப்போச்சுன்னா இனி என்னால ஆகாதுங்க!"

மறுநாள் பெண் வீட்டுக் கூடம் நிறைய ஆட்கள். நடுவில் நிவேதாவின் தாய்மாமன். சங்ககிரியில் லாரி ஆபீஸ் வைத்திருப்பவர், நாலு மாநிலம் சுற்றியவர். பஜ்ஜி தீருவதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"மாப்பிள்ளை இங்கிலீசுல வெளுத்துக் கட்டுவாருன்னு தரகர் சொன்னாருங்க. கண்ணு, நீயே ரெண்டு வார்த்தை கேளு. புரியாதவங்களுக்கு நான் தமிழ்ல சொல்லிப்போடறேன்."

நிவேதா நிமிர்ந்து பார்த்து, "வாட் டிட் யூ டூ எஸ்டர்டே?" என்றாள். தண்ணீர் குடிப்பதுபோல அவ்வளவு சுலபமாக வந்தது அவளுக்கு. எனக்கு ஒரு கணம் கைகூப்பத் தோன்றியது.

நேற்று என்ன செய்தீர்கள்? என் பாடமே அதுதானே! சாமி கண் திறந்துவிட்டது என்று நினைத்து, பாட வரிசை மாறாமல் அவிழ்த்து விட்டேன்.

"ஐ வென்ட் டு த பீச் வித் மேரி."

"மேரிங்கற பொண்ணோட பீச்சுக்குப் போனாராமுங்க" என்றார் மாமா.

"ஐ ஸ்லெப்ட் அட் மேரீஸ் ஹவுஸ்."

மாமாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "அந்தப் புள்ள ஊட்டுலயே தூங்கிட்டாராமுங்க."

"மேரீஸ் ஃபாதர் கேம் ஃப்ரம் த ஆபீஸ். ஐ ஸ்டுட் பிஹைன்ட் த டோர். ஐ ஜம்ப்ட் ஓவர் த வால்!"

கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் வீரமாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"பொண்ணோட அப்பன் வந்துட்டாராம். கதவுக்குப் பின்னால நின்னு, செவுரெகிறிக் குதிச்சுட்டாராமுங்க." மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்பா என் பக்கம் திரும்பி, "யாருடா அந்த மேரி?" என்றார். அம்மா எழுந்து நின்றுவிட்டாள். "எங்கூர்ல மேரின்னு ஆருமே இல்லீங்க! பக்கத்துல கடலே இல்லீங்க!" தரகர் செருப்பைத் தேடினார்.

நிவேதா மட்டும் அசையவில்லை. வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, மெதுவாக, எனக்குப் புரியும்படி இங்கிலீஷில் சொன்னாள். "அது பாடம், எனக்கும் தெரியும். நேற்று நிஜமாக என்ன நடந்தது?"

என்னிடம் இருந்தது அந்த ஒரே அச்சுதான். அதில் எதை ஊற்றுவது என்று யோசிக்கக்கூட இல்லை.

"ஹென்ஸ் டைடு இன் த ஷெட்" என்றேன். "ஐ கேரிட் தெம் இன் எ பாஸ்கெட். வி புட் தெம் இன் எ பிட்."

தரகர் தலையில் கை வைத்தார்.

"மை ஃபாதர் வென்ட் பிஹைன்ட் த மோட்டார் ரூம். ஹி க்ரைடு."

மாமா இதைத் தமிழில் சொல்லவில்லை. பெண்ணின் அம்மா, "என்னுங்கண்ணா சொல்றாரு?" என்று இரண்டு தரம் கேட்ட பிறகுதான் சொன்னார். "நேத்து கோழியெல்லாம் செத்துப்போச்சாமா. சம்பந்தி மோட்டார் ரூமுக்குப் பின்னால போயி அழுதாராமா."

அப்பா குனிந்துகொண்டார். அவர் அழுததை நான் பார்த்தது அவருக்கு அதுவரை தெரியாது. அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொந்தத் தமிழில், சொந்த வீட்டில், எங்களால் வாய் திறந்து சொல்ல முடியாததை, அரைகுறையாகக் கற்ற இந்தப் பாஷை ஊர்கூடிய கூடத்தில் சொல்லிவிட்டது. அந்தப் பிரமிப்பு எனக்கு இன்றுவரை தீரவில்லை. நிவேதாவின் அம்மா எழுந்துபோய் அப்பாவுக்கு மட்டும் இன்னொரு டம்ளர் காபி கொண்டுவந்து வைத்தார். "எடுத்துக்கோங்கண்ணா. கோழி போனாப் போவுது. திரும்பக் குஞ்சு உட்டுக்கலாமுங்க."

எல்லாம் முடிந்தது என்று நான் எழுந்தேன். அப்போது நிவேதா, "மாமா, இவங்களையே பேசி முடிங்க" என்றாள்.

பிற்பாடு ஏன் என்று கேட்டேன். "வந்தவங்க எல்லாருமே ஊட்டுல எல்லாம் நல்லாருக்குதுன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் நல்லா இல்லைன்னீங்க" என்றாள். இவ்வளவு படித்தவள் இவ்வளவு சின்னக் காரணத்துக்காகவா என்று ஆச்சரியப்பட்டேன்.

மேரி பாடத்தில் வருகிறவள் என்று எவ்வளவு விளக்கியும், கல்யாணமாகியும், என் மாமியாருக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. நான் எதைச் சொன்னாலும், முட்டை விலை ஏறிவிட்டது என்றாலும், மேச்சேரியில் மழை என்றாலும், ஒரே கேள்விதான். "இது நடந்ததுங்களா மாப்பிள்ளை, இல்ல பாடமுங்களா?" இப்போது சொந்தபந்தம் முழுக்க இதே பேச்சு. கல்யாண வீடுகளில் முன்பின் தெரியாதவர்கள்கூட மேரியின் சௌக்கியத்தை விசாரிக்கிறார்கள்.

போன மாதம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்குப் போயிருந்த மாமியாருக்குப் போன் போட்டேன். "அத்தை, பொண்ணு பொறந்திருக்குதுங்க. ரெண்டு பேரும் நல்லாருக்கறாங்க."

அந்தப் பக்கம் குரல் உடைந்து, "நடந்ததுங்களா மாப்பிள்ளை, பாடமுங்களா?" என்று கேட்டார்.

நர்ஸ் அப்போதுதான் குழந்தையை என் கையில் கொடுத்திருந்தார். என் விரல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அது தூங்கியது. எனக்கே அந்தச் சந்தேகம் இருந்ததால், அதன் முகத்தை இன்னொரு தரம் பார்த்துவிட்டு, "நடந்ததுங்க அத்தை" என்றேன்.