வகுப்புக்குள் விரிந்த குடை

கூரைக்குக் கீழே குடையை விரித்து வைத்துவிட்டு, கொட்டும் மழையில் நனைந்தபடி வீட்டுக்குப் போகிற மனுஷி மாத்தளை மாவட்டத்திலேயே ஒருவர்தான். எங்கள் குடை டீச்சர். சொந்தப் பெயர் அவருக்குச் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

அவர் வகுப்புக்கும் நான் படிப்பிக்கும் வகுப்புக்கும் நடுவில் ஓர் அரைச்சுவர். அங்கே தும்மினால் இங்கே சிரிப்பார்கள். பள்ளிக்கூட மணியோ ஒரு தண்டவாளத் துண்டு. அடித்தால் செத்தவனும் எழுந்து உட்காருவான். அந்தச் சத்தம் கேட்டால் டீச்சர் வகுப்பு ரோஷினி காதைப் பொத்திக்கொண்டு நேரே ரோட்டுக்கு ஓடுவாள். பேச்சு அதிகம் வராத, இரைச்சல் தாங்காத பிள்ளை. ஒருநாள் பஸ்காரர் பிரேக் அடித்ததால்தான் தப்பினாள்.

பள்ளிக்கூட அதிபர் அவள் அம்மாவைக் கூப்பிட்டார். "இன்னொருக்கா ஓடுனா வச்சிக்க ஏலாதுங்க. வேற எடம் பாருங்க."

வேறு இடம் எங்கே இருக்கிறது? அந்தத் தாய் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் டீச்சரின் வகுப்பு மூலையில் பெரிய கறுப்புக் குடை விரிந்திருந்தது. மணி அடிக்கும் நேரம் நெருங்கினால் டீச்சர் கையை உயர்த்துவார். ரோஷினி குடைக்குள் புகுந்துவிடுவாள்.

"என்ன டீச்சர், கூரை ஒழுகுதா?" என்றேன்.

"அது ரோஷினி வீடு சேர். கேக்காம எட்டிப் பார்க்காதீங்க."

அத்தோடு விட்டாரா? கைதட்டலை ஒழித்தார். "வணக்கம் டீச்சர்" கூச்சலையும் ஒழித்தார். எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினால் போதும். என் வகுப்பு கொஞ்சம் சத்தம் போட்டாலும் சுவருக்கு மேலே அவர் தலை முளைத்து முறைக்கும்.

இந்த நேரத்தில் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். "வணக்கம் சொல்ற சத்தம் நாவுல டவுனுக்கே கேக்கணும்" என்று அதிபர் முன்கூட்டியே உத்தரவு போட்டிருந்தார். அதிகாரி முதலில் நுழைந்தது டீச்சரின் வகுப்பில். பிள்ளைகள் எழுந்தார்கள். ஒரு சத்தமில்லை. எல்லாரும் கையை ஆட்டினார்கள்.

அதிகாரி திகைத்தார். "என்ன, பிள்ளைகளும் ஸ்ட்ரைக்கா?"

அதிபருக்கு மானம் போய்விட்டது. "வணக்கம் சொல்லுங்கடா!" என்று கத்தினார் பாருங்கள், என் பக்கத்துக் கரும்பலகையே அதிர்ந்தது. மூலையில் குடை நடுங்கியது. போச்சு, ஓடப் போகிறாள் என்று நான் அரைச்சுவர்ப் பக்கம் ஓடினேன்.

ரோஷினி வெளியே வந்தாள். வாசல் பக்கம் போகவில்லை. நேரே அதிபரிடம் போய், அவர் விரலைப் பிடித்து, குடையை நோக்கி இழுத்தாள்.

"சேர் கத்துறாரில்ல, சேருக்கும் பயம்னு நெனைக்கிறா. போங்க சேர், வீட்டுக்குக் கூப்பிடுறா" என்றார் டீச்சர்.

அவ்வளவு பெரிய மனுஷன் டையோடு குனிந்து குடைக்குள் நுழைந்தார். அதிகாரி இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். வெளியே வந்த அதிபர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு வேறு இடம் என்ற பேச்சே அவர் வாயில் வரவில்லை.

போன வருடம் டீச்சருக்கு வில்கமுவவுக்கு மாற்றம் வந்தது. கிளம்பும்போது நல்ல மழை. மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு இருந்த இடத்திலேயே இருக்கப் பழகியிருந்த ரோஷினி, மூலையிலிருந்த குடையை மடக்கி எடுத்து வந்து அவர் கையில் வைத்தாள்.

"டீச்சர். மழை."

டீச்சர் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும்தான் அழுதேன், எனக்கென்ன வெட்கம்? பிறகு பார்த்தால், மனுஷி மடக்கிய குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தொப்பலாக நனைந்து பஸ்ஸுக்கு நடக்கிறார்.

"விரிங்களேன் டீச்சர்!" என்று கத்தினேன்.

"ஐயோ, நனைஞ்சிரும் சேர்! அங்கயும் ஒரு பிள்ளைக்கு வேணுமே!"

இப்போதும் மழை இருட்டிக்கொண்டு வந்தால், அந்தப் பைத்தியக்கார மனுஷிக்குச் சளி, தடிமன் பிடித்துவிடக் கூடாதே என்றுதான் எனக்கு முதலில் தோன்றுகிறது.